சுமை சென்ற வழியும் ஆள் சென்ற வழியும்: கொட்டக்குடிக் கம்பிவடப் பாதை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர், தோட்டத் தொழிலாளர் இந்நாட்டிற்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதனை ஓரளவு விரிவாகவே எழுதியுள்ளனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியது, பினாங்கில் இறங்கியது, புலாவ் ஜெரஜாக்கில் தனிமைப்படுத்தப்பட்டது, கங்காணியின் பின்னே லயம் வந்து சேர்ந்தது ஆகிய செய்திகள் நம் மாணவர்களுக்கும் அறிமுகமானவையே. ஆனால், அவர்தம் உழைப்பில் விளைந்த பொருள் எவ்வழியே வெளியேறியது, பொருள் சென்ற வழியிலேயே மனிதரும் சென்றனரா என்னும் வினாக்கள் பெரிதும் எழுப்பப்பட்டதில்லை. போக்குவரத்து பொறியியலாரின் துறை என்றும், தொழிலாளர் வரலாறு நம்முடைய துறை என்றும் பிரித்துக்கொண்டதன் விளைவு இது. இப்பிரிவினை ஏற்கத்தக்கதன்று என்பது நம் கருத்து. அதனைக் காட்டுவதற்கு, தமிழகத்தின் போடி மலையில் இயங்கிய ஒரு கம்பிவடப் பாதையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கம்பிவடப் பாதை என்று நாம் இங்குக் குறிப்பது, உயர்ந்த தூண்களின்மேல் இரும்புக் கம்பிவடத்தை இழுத்துக் கட்டி, அதில் தொட்டிகளையோ மூட்டைகளையோ தொங்கவிட்டு, மலைக்கும் சமவெளிக்கும் இடையே பெருஞ்சுமைகளை நகர்த்தும் அமைப்பினை ஆகும். தேரிழுக்கும் வடத்தை அறிந்த நமக்கு இச்சொல் அயலானதன்று. இன்று 'ரோப் கார்' என்றவுடன் 1997இல் தொடங்கிய கெந்திங் மலை ஊர்தியோ 2004இல் பழனியில் அமைந்த ஊர்தியோதான் நினைவுக்கு வரும். இவை ஆட்களை ஏற்றிச் செல்பவை. இத்தொழில்நுட்பம் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் கல்லையும் மண்ணையும் கனிமத்தையும் தேயிலையையுமே சுமந்தது.

பேராக்கில் ஏன் வடம் தேவைப்படவில்லை?

பீடோர் தாப்பாவுக்குத் தெற்கே, தித்திவங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர் அது. இங்கிருந்து மேற்கே தெலுக் இந்தான் செல்லும் சாலை பேராக் ஆற்றுத் துறையை அடைகிறது. கிழக்கே திரும்பினால் மலை. இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் மேடுபள்ளமான தாழ்நிலத்திலேயே அமைந்தன. மரத்திலிருந்து இறங்கிய பால், காண்டாக் கம்பின் இருமுனைகளிலும் தொங்கிய வாளிகளில் தொழிலாளியின் தோளேறிப் பால் கொட்டகையைச் சேர்ந்தது. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர், எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆகவே நீரைச் சுமக்கும் தொலைவைக் குறைக்கும்பொருட்டு ஆலை தோட்டத்திற்குள்ளேயே அமைந்தது. உலர்ந்த தகடுகளைத் துறைமுகம் சேர்க்கவோ இரயில் இருந்தது. 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே தொடங்கிய பேராக் இருப்புப்பாதை, 1893இல் தாப்பா ரோடு, தெலுக் ஆன்சன் ஆகிய ஊர்களை இணைத்தது. தெலுக் ஆன்சன் என்பதே இன்றைய தெலுக் இந்தான். 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியான பாதை அமைந்துவிட்டது. ரப்பர்ப் பெருக்கம் அதன் பின்னரே நிகழ்ந்தது. அதாவது, பேராக்கில் இரயில் ஈயத்திற்காக முன்னரே வந்து காத்திருந்தது. ரப்பர் அதில் ஏறிக்கொண்டது.

மலைமேல் விளைந்த தேயிலையின் நிலை என்ன என்று கேட்கலாம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை அமைக்கும் பணி 1920களின் பிற்பகுதியில் நடைபெற்றது. போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது 1929இல். சாலையும் லாரியும் தேயிலையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அம்மலையில் ஏறின. மோட்டார் வண்டிக்கு முந்திய காலத்தில் மலைத்தோட்டம் எதிர்கொண்ட இடர் அங்கு எழவே இல்லை.

ஈயலம்பங்களில் நீரே சுமையைச் சுமந்தது. மண்ணை நீரால் கரைத்து, பலகை வாய்க்காலில் ஓடவிட்டு, கனமான ஈயமணலைத் தேக்கினர். தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் 1938ஆம் ஆண்டின் மிதவை இயந்திரத்தைப் பார்த்தவர்கள், முடிவில்லாச் சங்கிலியில் வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி வருவதைக் கற்பனை செய்துகொள்ள முடியும். கம்பிவடப் பாதையின் தத்துவமும் அதுவே. சங்கிலிக்கு மாற்றாக வடம், குளத்திற்கு மாற்றாக மலைச்சரிவு.

வடத்தின் வரலாறு

கயிற்றில் சுமையைத் தொங்கவிட்டு ஆற்றையும் பள்ளத்தையும் கடத்துவது இமயமலைப் பகுதியிலும் சீனத்திலும் பண்டைய வழக்கம். ஐரோப்பாவில் 1644ஆம் ஆண்டு டான்சிக் நகரக் கோட்டைப் பணிக்காக ஆடம் வைபே என்பார், தூண்களின்மேல் ஓடும் முடிவற்ற கயிற்றில் கூடைகளைக் கட்டி மண் நகர்த்தினார். ஆயினும் சணற்கயிறு நெடுந்தொலைவுக்கும் பெருஞ்சுமைக்கும் தாங்காது. 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிய பின்னரே பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1868இல் ஆங்கிலேயரான சார்ல்ஸ் ஹாட்ஜ்சன் ஒற்றை வட முறைக்குக் காப்புரிமை பெற்று, லெஸ்டர்ஷயரில் கற்சுரங்கம் ஒன்றிற்குப் பாதை அமைத்தார். அம்முறையில் ஒரே வடம் சுமையைத் தாங்கவும் செய்யும், இழுக்கவும் செய்யும். தாங்குவதற்கு ஒரு வடம், இழுப்பதற்கு மற்றொரு வடம் என்னும் இரட்டை வட முறையை லைப்சிக் நகரத்தின் அடோல்ஃப் பிளைக்கெர்ட் 1870களில் செம்மைப்படுத்தி உலகெங்கும் பரப்பினார். அர்ஜென்டினாவின் சிலெசித்தோ சுரங்கத்திற்கு அவருடைய நிறுவனம் 1905 அளவில் முடித்த பாதை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமானது. பின்னாளில் ஸ்வீடனின் கிறிஸ்தினெபெர்க்கிலிருந்து பூலிடன் வரை 96 கிலோமீட்டருக்கு ஒரு பாதை அமைந்து 1980கள் வரை இயங்கியது.

இவற்றோடு ஒப்பிட்டால் நாம் கூறவரும் பாதை மிகச் சிறியது. 5 கிலோமீட்டர் அளவே அதன் நீளம். ஆனால் அதன் இரு முனைகளிலும் தமிழ் பேசும் மக்கள் நின்றனர்.

கண்ணன் தேவன் மலையும் கொட்டக்குடியும்

1877ஆம் ஆண்டு பேராக் வரலாற்றிலும் மூணாறு வரலாற்றிலும் ஒருங்கே முக்கியமானது. அவ்வாண்டில்தான் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் ஜான் டேனியல் மன்றோ என்பவர், பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். அப்பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். காப்பி, சிங்கோனா ஆகியவற்றைச் சோதித்த பின் தேயிலையே அங்கு நிலைத்தது. 1890களில் ஃபின்லே மியூர் நிறுவனம் அங்கிருந்த சிறு தோட்டங்கள் பலவற்றை வாங்கியது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று.

நிலம் திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் நிலத்தை அடையும் எளிய வழி திருவிதாங்கூர்ப் பக்கமாக இல்லை. மேற்கே அடர்ந்த காடும் பெருமழையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் தடுத்தன. கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும், இறங்கியவுடன் மதுரை மாவட்டத்தின் போடிநாயக்கனூர்ச் சமவெளி. ஆகவே மலையின் விளைபொருள் கிழக்கு நோக்கித் திரும்பியது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலைவிளிம்பு வரை முதலில் வண்டிச்சாலை அமைந்தது. அதன்மீதே 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை வந்தது. வண்டியின் எடை பெரும்பகுதியும் ஒரே தண்டவாளத்தின்மேல் அமையும். சமநிலை காக்க ஒரு பெரிய சக்கரம் சாலைமீது உருளும். எருதுகள் இழுக்கும். யூவிங் முறை எனப்பட்ட இதே அமைப்பு பின்னர்ப் பட்டியாலா அரசிலும் அமைக்கப்பட்டது. 1908இல் இது நீராவி எந்திரம் இழுக்கும் இரண்டடி அகலச் சிற்றிரயிலாக மாற்றப்பட்டது.

அவ்விரயில் முடிந்த மலைவிளிம்பே டாப் ஸ்டேஷன். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், அதற்கப்பால் தண்டவாளம் இட வழியில்லை. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி, சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக, பாட்டம் ஸ்டேஷன் எனப்பட்ட கொட்டக்குடிக்கு இறங்கின. அங்கே மாட்டுவண்டிகள் காத்திருந்தன. 15 கிலோமீட்டர் கடந்து போடியை அடைந்தபின், மதுரை மாவட்டத்து இரயில் நிலையங்களின் வழியே துறைமுகம் சேர்ந்து கப்பலேறின. போடிக்கே இரயில் வந்தது 1928இல்தான்.

இப்பாதையின் தனித்தன்மை ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. சுரங்கப் பாதைகளில் கனிமம் ஒருவழியாக இறங்கும், வெறுந்தொட்டி திரும்பி ஏறும். இங்கோ இருவழியிலும் சுமை இருந்தது. தேயிலை இறங்கிற்று, அரிசியும் தோட்டத்திற்கு வேண்டிய பிற பொருள்களும் ஏறின. வடத்தில் இறங்கும் சுமையின் எடையே ஏறும் சுமைக்குத் துணைநிற்கும் என்பதால் இத்தகைய இருவழிப் போக்குவரத்து தொழில்நுட்ப அளவிலும் ஆதாயமானது. ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூளே கிடைக்கும். ஆகவே மலைமேலேயே ஆலை அமைத்து, எடை குறைந்து விலை மிகுந்த பொருளையே வடத்தில் ஏற்றினர். இலங்கையிலும் செங்குத்தான தேயிலைத் தோட்டங்களில் கம்பி இழுத்துச் சுமை இறக்குதல் உண்டு. ஆயினும் அங்கு அது பெரும்பாலும் தோட்டத்திற்குள், கொழுந்தை ஆலைக்குச் சேர்ப்பதற்காக அமைந்தது. கொட்டக்குடி வடமோ ஒரு மலைநாட்டையே சமவெளியுடன் இணைத்தது.

இனி, நம் வினாவிற்கு வருவோம். மனிதர் எவ்வழியே சென்றனர்? அவர்கள் நடந்தனர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சேர்த்த குடும்பங்கள், போடியைக் கடந்து குரங்கணிக்கு வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறின. பானையும் பாயும் கைக்குழந்தையும் அவர்தம் தோளிலும் தலையிலும். அவர்கள் மேலே சென்று உண்ணப்போகும் அரிசி, அதே மலைச்சரிவில் வடத்தில் தொங்கியபடி ஏறிற்று. அதன் விலையோ அவர்களுடைய கணக்கில் பற்றாக எழுதப்படும். இதனைக் கொடுமை என்று கூறி நிறுத்திவிடுவது எளிது. நாம் வேண்டுவது அதனினும் நுண்ணிய நோக்கு. தேயிலைப் பெட்டி தாமதித்தால் சந்தை விலை தவறும், நனைந்தால் பயனிழக்கும். ஆகவே அதற்கு வடம் என்னும் முதலீடு தகும். ஆள் தாமதித்தால் நிறுவனத்திற்கு இழப்பு குறைவு. நடந்த நாளுக்குக் கூலி இல்லை, வழிச்செலவும் முன்பணக் கடனில் சேரும். எதனைச் சுமப்பது, எதனை நடக்கவிடுவது என்னும் முடிவில் தோட்ட முறையின் கணக்கு முழுவதும் அடங்கியுள்ளது. பொருளுக்குச் சரக்குச் சீட்டு உண்டு. நடந்தவருக்குக் கங்காணியின் பற்றேடே சீட்டு.

1924 வெள்ளமும் வழிமாற்றமும்

1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாற்றைச் சிதைத்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் மலையாளத்தில் அது தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே வழங்கும். குண்டளை இரயில் அடித்துச் செல்லப்பட்டது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. மோட்டார்ச் சாலையின் காலம் அப்பொழுது நெருங்கிவிட்டிருந்தது. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டபின் மூணாறு மேற்கே ஆலுவாவையும் கொச்சியையும் நோக்கித் திரும்பியது. கிழக்கே போடிமெட்டு வழியாகவும் மோட்டார்ச் சாலை ஏறியது. வடத்தின் தேவை மறைந்தது. டாப் ஸ்டேஷனில் இன்று சில சிதைவுகளே அதன் சான்று.

ஒரு மலைநாடு எந்தச் சமவெளியைச் சார்ந்தது என்பது பின்னர் அரசியல் வினாவாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தபோது, தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதை மறுக்கவில்லை. மாறாக, அப்பெரும்பான்மை தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்களால் ஆனது என்றும், பொருளாதாரக் காரணங்கள் கேரளத்திற்குச் சார்பாக உள்ளன என்றும் கருதியது. 1956 நவம்பர் 1இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. ஆணைய உறுப்பினருள் ஒருவரான சர்தார் பணிக்கர் மலையாளி என்பதைச் சுட்டி, முடிவுக்கு அதனையே காரணமாகக் கூறுவோர் தமிழகத்தில் உண்டு. அவ்விளக்கம் வினாவைச் சுருக்கிவிடுகிறது என்றே நாம் கருதுகிறோம். வடப்பாதையைக் காட்டி எல்லை உரிமை கோருவதும் நம் நோக்கமன்று. அரைநூற்றாண்டுப் போக்குவரத்து எல்லைக்கோடு ஆகிவிடாது.

நம்மை உறுத்துவது 'வந்துபோகும் மக்கள்' என்னும் அச்சொல். அம்மக்கள் நிலையற்றவராகத் தோன்றியதற்குக் காரணம் அவர்தம் இயல்பு அன்று. வீடு நிறுவனத்தின் லயம். நிலம் நிறுவனத்தின் குத்தகை. வேலை முடிந்தால் வீடும் முடியும். மூன்று நிலையங்களும் தூண்களும் கொண்ட வடம் மலையில் வேரூன்றியதாகவும், மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து இறந்தவர் வந்துபோவோராகவும் பதிவாயினர். இது பேராக் வாசகருக்குப் புதிதன்று. மலாயாக் குடியேற்ற ஆட்சியின் பார்வையிலும் இந்தியத் தொழிலாளர் தங்கிச் செல்வோரே. 1957 விடுதலைக்குப் பின்னரும் தோட்டத் தமிழருள் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலோ, ஆவணம் இல்லாமலோ நின்றனர். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வேலை அனுமதி பெறவியலாத பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுள் பலர் இந்நாட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள்.

மூணாற்றில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கேரள அரசு மலைநிலத்தின் ஒரு பகுதியை மீட்டெடுத்தது. தொழிலாளர் லயங்களிலேயே தொடர்ந்தனர். 2015இல் பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் தமிழ்ப் பெண் தொழிலாளர் தாமே திரண்டு நடத்திய வேலைநிறுத்தம் ஊதியத்தோடு வாழிடத்தையும் பேசுபொருளாக்கியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிலம் சரிந்து லயங்கள் புதைந்தபோது 70 பேர் இறந்தனர். அவர்களுள் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம்.

குரங்கணி என்னும் பெயரை வெளியுலகம் 2018 மார்ச்சில் ஏற்பட்ட காட்டுத்தீயின்போதுதான் அறிந்தது. மலையேற்றத்திற்குச் சென்ற இளைஞர் பலர் அதில் மாண்டனர். அவ்விடத்தின் பழைய வழியைப் பற்றிய செய்தி எவ்விதழிலும் நம் கண்ணிற்படவில்லை. டாப் ஸ்டேஷனும் சென்ட்ரல் ஸ்டேஷனும் வெறும் நிலையப் பெயர்களாக அன்றி ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. தேனி மாவட்டக் கொட்டக்குடி ஊராட்சியில் அவையும் அடங்கும். ஆனால் டாப் ஸ்டேஷனில் வாழும் ஒருவர் தம் ஊராட்சியின் தலைமை ஊருக்கு வண்டியில் வரவேண்டுமாயின், கேரளத்திற்குள் நுழைந்து 30 கிலோமீட்டருக்கு மேல் மூணாற்றிற்குச் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போடிக்கு இறங்கி, மீண்டும் 15 கிலோமீட்டர் மேற்கே வரவேண்டும். வடம் கடந்த தொலைவு 5 கிலோமீட்டர். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதற்கு மாற்று, பாட்டன்மார் ஏறிய அதே நடைவழிதான்.